‘டிரைவர் போக 12 பேர்’: பேச்சைக் கணக்காக எழுதப் பழக்கிய அனுபவம்

“பிளஸ்ஸாக்கா, மைனஸாக்கா?”

வாக்கியக் கணக்கைக் கையில் கொடுத்ததும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கணக்கில் யார் இருக்கிறார்கள், என்ன நடந்தது, எதைக் கேட்கிறார்கள் என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. பிளஸ் என்று சொல்லிவிட்டால் போதும், இரண்டு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டி நீட்டிவிடுவார்கள். கூட்டத் தெரியாத பிள்ளைகள் கொஞ்சம்தான். எதை எதோடு கூட்டுவது என்று தெரியாத பிள்ளைகளே அதிகம்.

நான் சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவள். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது விட்டுப்போன படிப்பை மீட்பதற்காக, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சாயங்கால வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எனக்கு வாய்த்தவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். எங்கள் வீட்டு முன்திண்ணையிலும், மழை வந்தால் உள்கூடத்திலும் உட்காருவோம். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் நிறைய. காசு, கூலி, சில்லறை இதெல்லாம் அவர்களுக்குப் புதிது இல்லை.

கடையில் விற்கிற வழிகாட்டிகளில் ஒரு பட்டியல் இருக்கும். ‘மொத்தம், சேர்ந்து, அதிகம், மேலும், ஆக என்று வந்தால் கூட்டு. மீதி, குறைவு, போக, கொடுத்தான், இறங்கினான் என்று வந்தால் கழி.’ பல வீடுகளில் அப்பா அம்மாவும் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுத்தமாகத் தப்பு என்றும் சொல்ல முடியாது. பாதிக் கணக்குக்கு இது பலிக்கும், அதுதான் இதில் உள்ள வில்லங்கம். பலிக்கிற வரைக்கும் பிள்ளை வாக்கியத்தையே படிக்காது. எண் எங்கே, சொல் எங்கே என்று கண் மேய்ந்துவிட்டு வந்துவிடும்.

இதை உடைக்க எனக்குக் கைகொடுத்தது இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வேன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு எங்கள் ஊரில் வேன் பிடித்துக் கோயிலுக்குப் போகாத வீடு கிடையாது.

“கோயிலுக்குப் போற வேன்ல டிரைவர் போக 12 பேர். வண்டிக்குள்ள மொத்தம் எத்தனை பேர்?”

முக்கால்வாசிப் பேர் 12 – 1 = 11 என்று எழுதினார்கள். ‘போக’ வந்துவிட்டதே! ‘மொத்தம்’ என்ற சொல்லைப் பிடித்தவர்களோ, இன்னொரு எண்ணைக் காணாமல், எதைக் கூட்டுவது என்று கேட்டார்கள். அப்படியே விட்டுவிட்டுத் திண்ணையில் வேன் ஓட்டினோம். ஒரு பையன் முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தான். மற்றவர்கள் பின்னால் இடித்துப் பிடித்து ஏறினார்கள். “டிரைவரை விட்டுட்டு எண்ணு” என்றதும் எண்ணினார்கள். “இப்ப வண்டிக்குள்ள எத்தனை பேரு?” என்றால் ஒருத்தரும் 11 சொல்லவில்லை. 12 + 1 என்று அப்புறம்தான் நோட்டில் ஏறியது.

இதே ‘போக’ வீட்டுக் கணக்கில் தினமும் புழங்குகிறது. “கடைக்காரருக்கு 250 குடுத்தது போக கையில 300 நிக்குது” என்று ஒரு அம்மா சொல்கிறார். வாரக் கூலி எவ்வளவு? 250 + 300. பஸ்ஸிலிருந்து 4 பேர் இறங்கினார்கள், இன்னும் 9 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், முதலில் எத்தனை பேர் இருந்தார்கள்? 4 + 9. இறங்குவது, செலவழிப்பது, உடைவது, தொலைவது எல்லாம் கூட்டல் கணக்குக்குள் வரும், ஆரம்பத்தில் இருந்ததைக் கேட்டால். இந்த வகையைத்தான் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். ‘முதலில் எத்தனை?’ என்று கேட்கும் கணக்குகளை நான் வாரம் தவறாமல் கொடுப்பேன்.

பட்டியலுக்குப் பதில் நான் வைத்துக்கொண்டது ஒரு எவர்சில்வர் தட்டு, இரண்டு கிண்ணம், ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. கிண்ணம் இரண்டும் பகுதி. தட்டு முழுசு. கணக்கை வாசித்ததும் ஒரே கேள்விதான்: “முழுசு எது? அது நமக்குத் தெரியுமா, தெரியாதா?” தெரியாது என்றால் இரண்டு கிண்ணத்தையும் தட்டில் கொட்டு. எழுத்தில் அது 4 + 9. தெரியும் என்றால் தட்டில் முழுசை வைத்து, தெரிந்த பகுதியை ஒரு கிண்ணத்தில் எடுத்துவிடு, மற்ற கிண்ணத்துக்குக் கட்டம் போடு. ‘அக்காவும் தம்பியும் சேர்ந்து 12 மாங்காய் பொறுக்கினார்கள், அக்கா பொறுக்கியது 7’ என்றால் ‘சேர்ந்து’ என்ற சொல் கூட்டச் சொல்லி ஆசை காட்டும். தட்டில் 12 இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளை 19 என்று எழுதாது. 7 + □ = 12 என்று எழுதும். அதைக் கழித்தல் ஆக்கித்தான் தீர வேண்டும் என்று நான் அடம்பிடித்ததில்லை. சொன்னது சொன்னபடி எழுத்தில் வந்தால் போதும், அப்புறம் எந்த வழியில் கண்டுபிடித்தால் என்ன?

இந்தக் கட்டம் போட்ட கூட்டல் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு உதவியது என்பதைச் சொல்ல வேண்டும். பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மாவின் மகள், நாலாம் வகுப்பு. சாயங்காலம் கடையையும் அவள்தான் பார்ப்பாள். ஒருநாள் கடையில் நின்றேன். யாரோ சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் என்று 37 ரூபாய்க்கு வாங்கிவிட்டு 50 ரூபாய் நோட்டை நீட்டினார். இவள் கல்லாவிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக வைக்கிறாள்: “முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது...” பத்து ரூபாயையும் வைத்து, “அம்பது.” நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதே பிள்ளை முந்தின நாள் நோட்டில் 50 – 37 = 27 என்று எழுதியிருந்தாள். 0-இல் 7 போகாது, அதனால் 7, அஞ்சில் மூணு போனால் ரெண்டு.

இவளுக்குக் கணக்கு வராது என்று யாரால் சொல்ல முடியும்? கடையில் அவள் செய்வது 37 + 3 + 10 = 50. சுத்தமான கூட்டல். 37-க்கு மேல் எவ்வளவு போட்டால் 50 வரும் என்று எண்ணிக்கொண்டே போகிறாள். அதை அப்படியே எழுதலாம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. மறுநாள் கல்லாப்பெட்டிக்குப் பதில் புளியங்கொட்டை டப்பாவை முன்னால் வைத்து, அவள் வாயால் சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுதினேன். 37 + □ = 50. கட்டத்துக்குள் 3 + 10. “இதுவா கணக்கு? இது சில்லறை குடுக்கறதுல்ல?” என்றாள். அப்புறம் அந்த வகைக் கணக்கு எல்லாவற்றையும் இப்படித்தான் போட்டாள், பள்ளியிலும்.

இது எங்கள் ஊர் விசேஷம் இல்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளைக் கவனித்து 1985-இல் வந்த ஆய்வு பிரபலமானது. வியாபாரத்தில் அவர்கள் போட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2025-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. அங்கேயும் இதே கதை. சந்தையில் மனக்கணக்காகப் போடுகிறவர்கள் பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். இன்னொரு பக்கமும் உண்டு: பாடப்புத்தகக் கணக்கு போடும் பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். வாய்க்கும் தாளுக்கும் நடுவே பாதை போடுகிற வேலையை யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும். தானாக நடக்கும் என்று விட்டுவிட முடியாது.

வீட்டில் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு உத்தி சொல்கிறேன். விடை கேட்காதீர்கள். எழுத்து மட்டும் போதும் என்று சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. 8 + 3 என்று எழுதிவிட்டு நிறுத்தச் சொன்னால் கை பரபரக்கும், ‘= 11’ போட்டால்தான் மூச்சு விடுவார்கள். அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. எண்ணைப் பெரிதாக்கிவிடுங்கள். ‘அரிசி மில்லுல நேத்து 4786 மூட்டை இருந்துச்சு, இன்னைக்கு 3599 மூட்டை வந்து இறங்குச்சு. எவ்வளவுன்னு கண்டுபிடிக்க வேண்டாம், எழுத மட்டும் செய்.’ 4786 + 3599 என்று எழுதிவிட்டு நிம்மதியாக நிமிர்வார்கள். கூட்டுகிற வேலை இல்லை என்றதும், வாக்கியத்தைப் படிக்கிற வேலையில் மனசு நிற்கும். பெரிய வகுப்பில் இயற்கணிதக் கோவை, சமன்பாடு என்று வரும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். அங்கே x-ஐக் கூட்டி விடை சொல்ல முடியாது, எழுதத்தான் முடியும்.

ஒப்பிட்டுச் சொல்கிற கணக்குக்கு இன்னொரு வழி: எண்ணை விரலால் மூடிவிட்டு வாசிப்பது. ‘தம்பியிடம் 8 கோலிகள் உள்ளன. அது அண்ணனிடம் இருப்பதைவிட 3 குறைவு. அண்ணனிடம் எத்தனை?’ எண் தெரிந்தால் ‘குறைவு’ என்று பிடித்துக்கொண்டு 5 என்பார்கள். எண்ணை மூடிக்கொண்டு, “யாருகிட்டக்கா நெறய இருக்கு?” என்பதை முதலில் தீர்க்க வேண்டும். அண்ணனிடம்தான் அதிகம் என்று முடிவாகிவிட்டால் 8 + 3 தவிர வேறு எழுத வழியே இல்லை. நாலாம் வகுப்புக்கும் இது கடினம்தான், அவசரப்பட வேண்டாம். வயசுக் கணக்கில் தொடங்கினால் சுலபம். ‘அக்கா என்னைவிட 4 வயசு மூத்தவ’ என்பதில் அதிகம், குறைவு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் ஒரு பிள்ளைகூடத் தப்பாக எழுதாது. யார் மூத்தவர் என்பது அவர்கள் வீட்டில் தினமும் சண்டையில் தீர்கிற விஷயம்.

அடுத்தது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்த சங்கதி. நம் பேச்சில் ஆளை எண்ணும்போது ‘என்னோட சேர்த்து’, ‘என்னைத் தவிர’, ‘நானும்’ என்று மூன்று விதமாகச் சொல்வோம். “எங்க வீட்ல என்னோட சேத்து அஞ்சு பேரு” என்று ஒரு பிள்ளை சொன்னால், வீட்டில் 5 பேர்தான். அந்த ‘சேத்து’ ஏற்கெனவே நடந்து முடிந்த கூட்டல், மறுபடி கூட்டக் கூடாது. “என்னைத் தவிர அஞ்சு பேரு” என்றால் 5 + 1. “நானும் என் மூணு தங்கச்சியும்” என்றால் 1 + 3, ஆனால் அந்த 1 வாக்கியத்தில் எண்ணாக எழுதியே இருக்காது. பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற எண்ணை மட்டும்தான் எடுப்பார்கள். ‘நான்’, ‘அப்பா’, ‘டிரைவர்’, ‘இன்னைக்கு’ இவற்றுக்குள் ஒளிந்திருக்கும் 1-ஐத் தோண்டி எடுக்கத் தனியாகப் பழக்க வேண்டும். எங்கள் வகுப்பில் அதற்கு ‘ஒளிஞ்ச ஒண்ணு’ என்று பிள்ளைகளே பேர் வைத்தார்கள். கணக்கு வாசித்ததும் “ஒளிஞ்ச ஒண்ணு இருக்கா?” என்று தேடுவது ஒரு விளையாட்டு ஆகிவிட்டது.

விளையாட்டு என்று விட்டுவிடவும் முடியாது. மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். இன்றைக்குத் தேதி 8, “இன்னையோட சேத்து அஞ்சு நாள் குடுங்க” என்று சொல்லி அனுப்புகிறார்கள். 8 + 5 = 13 என்று போட்டால் ஒரு நாள் கூடிப்போகும். இன்றைக்கு ஒரு நாள் கழிந்ததால் மிச்சம் 4, கடைசி நாள் 8 + 4, அதாவது 12-ஆம் தேதி. படித்த பெரியவர்களே விரல் விட்டு எண்ணித்தான் இதைச் சரிபார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு நான் காலண்டரைக் கையில் கொடுத்து, 8-இன் மேல் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லித்தான் தொடங்குவேன்.

சமக்குறிப் பிரச்சினைக்கு வருகிறேன். வாயில் நாம் கூட்டுகிற லயம் இப்படி: “பன்னெண்டும் எட்டும் இருவது, இருவதோட அஞ்சு இருவத்தஞ்சு.” இதைப் பிள்ளை காதில் வாங்கியபடியே எழுதினால் 12 + 8 = 20 + 5 = 25. விடை சரி, எழுத்து தப்பு. 12 + 8 எப்படி 25 ஆகும்? சமக்குறி என்றால் ‘விடை வருது, வழி விடு’ என்று அவர்களுக்கு மனசில் பதிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று யாரும் காட்டவில்லை. 8 + 4 = □ + 5 என்று எழுதிப் பாருங்கள், கட்டத்தில் 12 போடுவார்கள், சிலர் 17 போடுவார்கள். 7 என்று யாராவது போட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு கடலைமிட்டாய் கொடுக்கலாம். நான் இதற்குத் தட்டு இரண்டு எடுத்தேன், இரண்டு பக்கமும் கொட்டை எண்ணிக்கை சரியாகும் வரை நகர்த்தச் சொன்னேன். வாய்ப்பேச்சை மாற்றச் சொல்லவில்லை, அந்த லயம் நல்ல லயம், மனக்கணக்குக்கு அதுதான் உயிர். தாளில் மட்டும் 12 + 8 + 5 என்று முதலில் முழுசாக எழுது, அப்புறம் கணக்குப் போடு என்றேன். மூன்றாம் வகுப்புக்கு இது ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும் வேலை.

எண்களின் பேரே கூட்டல்தான் என்பது எனக்குப் பிடித்த இடம். “நூத்தி அஞ்சு எழுது” என்றால் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் 1005 வரும். காதில் விழுந்ததை எழுதியிருக்கிறது பிள்ளை: நூறு, 100. அஞ்சு, 5. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு + வைத்தால் முடிந்தது: 100 + 5. அட்டையில் 100 என்று ஒன்று, 5 என்று ஒன்று வெட்டி, கடைசிச் சுழியின் மேல் 5-ஐ வைத்தால் 105 கண் முன்னால் வந்துவிடும். மொய் நோட்டு இதற்குத் தோதான பாடம். ‘நூத்தி ஒண்ணு, எரநூத்தி ஒண்ணு, ஐநூத்தி ஒண்ணு, ஆயிரத்தி ஒண்ணு’ என்று வரிசையாக இருக்கும். ஒருத்தர் வாசிக்க, மற்றவர்கள் 100 + 1, 200 + 1 என்று எழுத வேண்டும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் இடமதிப்பு பாதி வந்துவிடும். “ஒண்ணரை மணி நேரம்”, “அஞ்சே முக்காலுக்கு பஸ்ஸு” இவையும் அப்படியே. 1 + அரை, 5 + முக்கால். பின்னம் என்ற பேரே தெரியாத பிள்ளை இதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு வகைப் பேச்சுக்கு மட்டும் கூட்டல் எழுத்து இல்லை என்று விட்டுவிட வேண்டும். “நூறு பேருக்கு மேல வந்தாங்க” என்பதில் ‘மேல’ கூட்டல் இல்லை. “மேல பத்து ரூபா போட்டுக் குடுங்க” என்று ஆட்டோக்காரர் சொல்வதில் கூட்டல் உண்டு. முதலாவதைக் கூட்டலாக எழுத முடியாது என்று பிள்ளைகளே சொல்லும் வரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பேன்.

வாக்கியத்தை வாசிக்கவே திணறும் பிள்ளை இருந்தால் அதைக் கணக்கின் தலையில் கட்டக் கூடாது. நாம் வாசித்துச் சொன்னால் போடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். போட்டால் பிரச்சினை தமிழ்ப் பாடத்தில். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த வேலை பிடித்துவிட்டதா என்று அறிய நான் தலைகீழாகக் கேட்பேன். பலகையில் 7 + 5 என்று எழுதிவிட்டு, இதற்கு ஒரு கதை சொல்லு என்பேன். தொடக்கத்தில் எல்லாரிடமும் ஒரே கதை: என்கிட்ட 7 மிட்டாய், அவகிட்ட 5 மிட்டாய், மொத்தம் எத்தனை. போகப் போக மாறும். “எங்கப்பா லோடு ஏத்துன மூட்டைல 5 கிழிஞ்சு போச்சு, நல்லா இருந்தது 7, ஏத்துனது எத்தனை?” இப்படி ஒரு பையன் சொன்னான். ‘கிழிஞ்சு போச்சு’ என்று வைத்துக் கூட்டல் கணக்கு கட்டியிருக்கிறான். அவனிடம் இனி பட்டியல் பேச வேண்டியதில்லை.

எழுதுவதற்கு மிகச் சண்டை பிடித்த கணக்கு ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் கொண்டு வந்தது. அவர்கள் வீட்டில் கோழியை அடைக்கு வைத்திருந்தார்கள். “9 முட்டை வச்சோம். 2 கூமுட்டையாப் போச்சு. இப்ப எங்க வீட்ல எத்தனை கோழி?” பாதிப் பேர் 9 – 2 என்று எழுதினார்கள். ஒருத்தன், “தாய்க்கோழி எங்கடி போச்சு? ஒளிஞ்ச ஒண்ணு!” என்று கத்தினான். 9 – 2 + 1 என்று அழித்து எழுதினார்கள். குஞ்சைக் கோழி என்று சொல்லலாமா கூடாதா என்று இன்னொரு பக்கம் வழக்கு. கேட்டவளோ சாவகாசமாக, “சேவலும் ஒண்ணு இருக்குல்ல” என்றாள். அன்றைக்கு வேறு கணக்கு எதுவும் போட முடியவில்லை.